ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தத்தை எடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வேலூர் பக்கம் காய்ச்சல் ஜாஸ்தியாயிருக்குன்னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க, தண்ணி காய்ச்சி குடிங்க, மொட்டை மாடியில கெடக்குற டயர், தேங்கா ஓடு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கன்னு, எல்லாம் சரிதான், அதுல நான் ஒண்ணும் குத்தம் சொல்ல வரல. ஆனா கடைசியில ஒரு வரி வந்துச்சு பாருங்க, காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல போனா டைபாய்டு டெஸ்ட் எடுத்துக்கங்கன்னு, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நான் குடியாத்தத்துல ஒரு சின்ன லேப்ல 22 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். அந்த டெஸ்ட்டை தினமும் பண்றவளே நான்தான், அதனாலதான் சொல்றேன். டைபாய்டுன்னு நினைக்கிற காய்ச்சல், ஹார்ட் வால்வுல கிருமி உக்காந்துக்கிற எண்டோகார்டைட்டிஸ்ன்ற நோயா கூட இருக்கலாம்.

டைபாய்டு டெஸ்ட்டுன்னு எங்க ஊர்ப்பக்கம் சொன்னா அது வைடால்தான். ஸ்லைடு மேல ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரீயேஜன்ட், குச்சியால கலக்கி ஒரு நிமிஷம் ஆட்டுனா, பால் திரிஞ்ச மாதிரி பொடிப்பொடியா வந்தா பாசிட்டிவ், அவ்ளோதான். வைடால்ன்ற பிரெஞ்சு டாக்டர் 1896ல சொன்னது, நாங்க இன்னமும் ஆட்டிக்கினே இருக்கோம். நம்ம ஊர் தண்ணிக்கு டைபாய்டு கிருமி எப்பவோ ஒரு தடவை உடம்புக்குள்ள வந்து போயிருக்கும், அதை எதிர்த்து உடம்பு பண்ண எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல இருக்கும், அதைத்தான் இந்த டெஸ்ட் பாக்குது, வேற காய்ச்சல்லயும் அது ஏறும், அதனால சீரத்தை 80 மடங்கு, 160 மடங்கு கரைச்சாலும் திரியுதுன்னு 1:80, 1:160ன்னு வர்றதெல்லாம் தனியா பாத்தா ஒண்ணுமே கெடையாது. இது எனக்கும் தெரியும், எழுதிக் குடுக்குற டாக்டருக்கும் தெரியும். ஆனா ஒரு வாரமா காய்ஞ்சு போய் வந்து பெஞ்சுல உக்காந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு பேரு வேணும், டாக்டருக்கு ஒரு காகிதம் வேணும், எங்களுக்கு 150 ரூபா வேணும். மூணு பேருக்கும் திருப்தி.

என் தம்பிக்கு நடந்ததை சொல்றேன், சொன்னாத்தான் புரியும்.

அவனுக்கு 38 வயசு, ஆசாரி வேலை. நைனா காலத்துல கதவு, ஜன்னல், தறிக்கட்டை, இப்ப அவன் பிளைவுட் வெட்டி மாடுலர் கிச்சன் போடுறான். 11 வயசுல அவனுக்கு ஒரு தடவை தொண்டை வலி வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூட்டு வீக்கம் வந்துச்சு, இன்னிக்கு முட்டி, நாளைக்கு கணுக்கால், அப்பால மணிக்கட்டுன்னு வீக்கம் எடம் மாறிக்கினே இருந்துச்சு. ருமாட்டிக் ஃபீவர்னு சொன்னாங்க, ஹார்ட்டுல மைட்ரல்ன்ற வால்வு கொஞ்சம் லீக் ஆகுதுன்னாங்க. 21 நாளைக்கு ஒரு தடவை பெனிட்யூர்ன்ற பெனிசிலின் ஊசி, 12 லட்சம் யூனிட், இடுப்புல போட்டா ரெண்டு நாளைக்கு நொண்டுவான். ஊசி நாளுன்னா காலையிலயே மாட்டுக்கொட்டாய்ல போய் ஒளிஞ்சுக்குவான், நான்தான் இழுத்துக்கினு போவேன். 19 வயசுல பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் அதோட ஊசியை விட்டுட்டான், நாங்களும் விட்டுட்டோம். நல்லாதானே இருக்கான், மரம் தூக்குறான், மாடி ஏறுறான்னு இருந்துட்டோம்.

இந்த வருஷம் காணும் பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள்ல காய்ச்சல் ஆரம்பிச்சுது. பெரிய காய்ச்சலும் இல்ல, சாயங்காலம் ஆனா 100, 101, ராத்திரி பனியன் பிழியுற மாதிரி வேர்வை, காலையில எழுந்தா சாதாரணமா இருப்பான், வேலைக்கும் போவான். சாப்பாடு இறங்கல, இடுப்பு வலின்னு சொன்னான், மரம் தூக்குறவனுக்கு இடுப்பு வலிக்காம இன்னா பண்ணும்னு நானே சொன்னேன். பத்து நாள் கழிச்சு பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட போனான், அவர் சீட்டு எழுதி எங்க லேப்புக்கே அனுப்புனாரு. வைடால் 1:160. ரிப்போர்ட்டுல கையெழுத்து போட்டது நான்தான்.

செஃப்ட்ரியாக்சோன்ற ஆன்டிபயாடிக் ஊசி அஞ்சு நாள். மூணாவது நாளே காய்ச்சல் நின்னுடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், டைபாய்டுதான்னு உறுதியாயிடுச்சு. இங்கதான் சார் ஏமாந்தோம். வால்வுல கிருமி உக்காந்திருந்தாலும் அதே ஊசிக்கு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் அடங்கும், ஏன்னா ரத்தத்துல ஓடிக்கினு இருக்கிற கிருமியை அந்த மருந்து அடிச்சுடும், ஆனா வால்வுல உக்காந்திருக்கிறது அசையாது, அதுக்கு அஞ்சு நாள் பத்தாது, அதே மருந்தை நாலு வாரம், ஆறு வாரம்னு போடணும். ஊசி நின்னு பத்து பன்னெண்டு நாள்ல காய்ச்சல் திரும்ப வந்துச்சு. திரும்ப வைடால், திரும்ப பாசிட்டிவ், டைபாய்டு ரிலாப்ஸ்ன்னு சொல்லி திரும்ப அஞ்சு நாள். மார்ச்சுல மூணாவது ரவுண்டு. அதுக்குள்ள ஆளு 9 கிலோ இளைச்சுட்டான், பேண்ட்டை கயிறு போட்டு கட்டிக்கினு வந்தான்.

எனக்கு இன்னிக்கும் ராத்திரி தூக்கம் வராம யோசிக்கிறது வைடாலைப் பத்தி இல்ல. அவனோட மத்த ரிப்போர்ட் எல்லாம் என் டேபிள் மேலயேதான் இருந்துச்சு. உடம்புல கிருமியோ அழற்சியோ இருந்தா ஏறுற இ.எஸ்.ஆர் 70க்கு மேல, ஹீமோகுளோபின் 12ல இருந்து 9க்கு இறங்கிடுச்சு, யூரினை மைக்ராஸ்கோப்புல நான்தான் பாத்தேன், ஒரு ஃபீல்டுக்கு எட்டு பத்து சிவப்பணு இருந்துச்சு, கல்லு கில்லு இருக்கும்னு எழுதிட்டு அடுத்த பாட்டிலை எடுத்துட்டேன். சின்ன வயசுல வால்வு லீக், ஒன்றரை மாசம் காய்ச்சல், ரத்தம் குறையுது, யூரின்ல ரத்தம். தனித்தனியா பாத்தா எதுவும் இல்ல, நாலையும் சேத்து வெச்சு பாத்தா ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் கூட ஹார்ட்டைப் பாருங்கன்னு சொல்லியிருப்பான். நாலும் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். டாக்டருக்கு அந்த மூட்டு வீக்கம் கதை தெரியாது, அவர் கேக்கல, நாங்க சொல்லல.

அப்பால அந்த நகம். மார்ச் நடுவுல ஒரு நாள் லேப்புக்கு வந்தவன் கையை நீட்டி "அக்கா சிலாம்பு ஏறிடுச்சு, எடுக்க வரல, உன் ஊசியால எடுத்து வுடு"ன்னான். ரெண்டு விரல்ல நகத்துக்கு அடியில கருஞ்சிவப்பா நேர்கோடு, மெல்லிசா, மர சிலாம்பு ஏறுன மாதிரியேதான் இருந்துச்சு. ஆசாரி கையில சிலாம்பு இருக்கிறதுல என்ன அதிசயம்? நானும் ஊசி எடுத்து நோண்டிப் பாத்தேன், அது வரவே இல்ல, ஏன்னா அது மரமே இல்ல, நகத்துக்கு அடியில கசிஞ்ச ரத்தம். டாக்டருங்க அதுக்கு வெச்சிருக்கிற பேரே சிலாம்பு ரத்தக்கசிவுதான், இங்கிலீஷ்ல ஸ்ப்ளிண்டர் ஹெமரேஜ்னு சொல்றாங்க. கை வேலை பண்றவங்களுக்கு அடிபட்டும் இது வரும், அதனால இதை மட்டும் வெச்சு யாரும் பயப்பட வேணாம். ஆனா கூடவே ஆள்காட்டி விரல் நுனியில பட்டாணி மாதிரி ஒரு சிவப்பு முடிச்சு, தொட்டா வலி, உளி பிடிக்க முடியலன்னான். அதுக்கும் ஒரு டாக்டர் பேருதான், ஆஸ்லர், கனடாக்காரர், 1885லயே லண்டன்ல இந்த நோயைப் பத்தி தொடர்ந்து மூணு லெக்சர் குடுத்தவரு. 140 வருஷத்துக்கு முன்னாடியே கையைப் பாத்து ஹார்ட்டை சொன்ன மனுஷங்க இருந்திருக்காங்க, நான் ஊசியால நோண்டிக்கினு இருந்தேன்.

மார்ச் கடைசியில ஒரு நாள் காலையில டீ குடிச்சுக்கினு இருந்தவன் கையில இருந்து டம்ளர் நழுவி விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போனான், வலது கை எழும்பல, வாய் கோணிக்கிச்சு, என்னவோ சொல்றான், ஒரு வார்த்தை புரியல. அம்மா காத்து அடிச்சிருச்சுன்னு திருநீறு எடுக்க ஓடுனாங்க. தம்பி பொண்டாட்டி எனக்கு போன் பண்ணி "அண்ணி, அவருக்கு வாய் ஒரு பக்கமா போயிருச்சு அண்ணி"ன்னு அழுதுச்சு, நான் 108க்கு போன் பண்ணிட்டு ஓடுனேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுற வரைக்கும் அவன் என் கையை இடது கையால புடிச்சுக்கினே வந்தான்.

வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கேஷுவால்டியில இருந்தது சின்ன வயசு டாக்டர் பொண்ணு, 26, 27 இருக்கும். ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டுச்சு. கண் இமையை கீழ இழுத்துப் பாத்துச்சு, அங்க சின்னதா ரத்தப் புள்ளி இருந்துச்சாம், நகத்தைப் பாத்துச்சு, திரும்பி என்னைப் பாத்து "சின்ன வயசுல மூட்டு வீங்குச்சா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டரை மாசத்துல அந்தக் கேள்வியை கேட்ட மொத ஆளு அந்தப் பொண்ணுதான். எனக்கு அங்கயே உக்காந்துடலாம் போல இருந்துச்சு.

அடுத்து அங்க பண்ணதை நான் லேப்காரியா உத்துப் பாத்தேன், அதை எழுதியே ஆகணும். ஸ்கேனுக்கு அனுப்புனாங்க, ஆனா ஆன்டிபயாடிக் ஊசி எதுவும் ஏத்துறதுக்கு முன்னாடி ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கிற கிருமியை பாட்டில்ல வளத்துப் பாக்குற டெஸ்ட், எடுத்தாங்க, ஒண்ணு இல்ல, மூணு தடவை, மூணும் வேற வேற எடத்துல குத்தி, முதல் தடவைக்கும் கடைசி தடவைக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல விட்டு. நரம்பை முதல்லயே தொட்டுப் பாத்து முடிவு பண்ணிட்டு, குளோர்ஹெக்சிடின் போட்டு துடைச்சு, ஊதாம விசிறாம அப்படியே காய விட்டு, திரும்ப அந்த எடத்துல விரலே வெக்காம குத்துனாங்க. நாங்க லேப்ல பண்றது தெரியுமா, ஸ்பிரிட் பஞ்சால ஒரு தேய், அப்பால நரம்பு எங்கன்னு திரும்ப விரலால அமுக்கு. சுகர் டெஸ்ட்டுக்கு அது போதும், கல்ச்சருக்கு போதாது, தோல் மேல இருக்கிற கிருமி பாட்டில்ல போய் வளந்து எல்லாரையும் ஏமாத்தும். மூணு தடவை எடுக்கிறதும் அதுக்குத்தான், தோல் கிருமின்னா ஒரு பாட்டில்ல வரும், ரத்தத்துலயே இருக்கிறதுன்னா எல்லா பாட்டில்லயும் வரும். ஒரு பாட்டிலுக்கு 10 மில்லி கிட்ட ரத்தம். எங்க ஆளுங்க பாவம் பாத்து 3 மில்லி எடுப்பாங்க, ஆனா இந்த நோயில ஒரு மில்லி ரத்தத்துல விரல் விட்டு எண்ணுற அளவுக்குக் கூட கிருமி இருக்கலாம், கம்மியா எடுத்தா மாட்டவே மாட்டாது. இன்னொண்ணு, குளிர் நடுக்கம் வர்ற நேரம் பாத்துத்தான் எடுக்கணும்னு நாங்க காத்துக்கினு இருப்போம், வால்வு இன்ஃபெக்‌ஷன்ல கிருமி ரத்தத்துல ஓயாம ஒழுகிக்கினே இருக்கிறதால அதெல்லாம் தேவையில்ல, எப்ப வேணா எடுக்கலாம். எடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜ்லயும் வெக்கக் கூடாது, ஐஸ் பாக்ஸ்லயும் போடக் கூடாது, வெளியிலயே வெச்சு சீக்கிரம் அனுப்பணும். கலெக்‌ஷன் பையன் ஐஸ் பாக்ஸ்ல போட்டுக்கினு போனதை என் கண்ணால பாத்திருக்கேன், அன்னிக்கு நானும் சும்மாதான் இருந்தேன்.

ஹார்ட்டைப் பாக்குற ஸ்கேனான எக்கோவுல மைட்ரல் வால்வு மேல ஒரு கட்டி ஆடிக்கினு இருந்துச்சு. முதல்ல நெஞ்சு மேல வெச்சு பாத்தாங்க, மறுநாள் தொண்டை வழியா குழாய் விட்டு பாத்தாங்க, 14 மில்லிமீட்டர், ஒரு ஊறுன சுண்டல் கடலை அளவு. அதுல இருந்து ஒரு துணுக்கு பிச்சுக்கினு போய்த்தான் மூளை ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. நெஞ்சு மேல வெக்கிற எக்கோல ஒண்ணும் தெரியலன்னா நோயே இல்லன்னு முடிவு கட்டக் கூடாதாம், சந்தேகம் பலமா இருந்தா தொண்டை வழியா பாக்கணும், அதுலயும் இல்லன்னா அஞ்சு ஏழு நாள் விட்டு திரும்பப் பாக்கணும்னு அந்த டாக்டர் சொன்னாங்க.

தம்பிக்கு ஓரளவு பேச்சு திரும்புனதும் பெரிய டாக்டர் அவனுக்குப் புரியுற மாதிரியே சொன்னாரு. ஹார்ட்டுக்குள்ள நாலு கதவு, ஒரே பக்கம் தொறக்கணும், டைட்டா மூடணும். உன்னுதுல ஒரு கதவு சின்ன வயசுலயே கோணிக்கிச்சு, மூடுற எடத்துல இடுக்கு விழுந்துச்சு. அந்த இடுக்குல ரத்தம் பீச்சி அடிச்சு அடிச்சு கதவோட மேல்பூச்சு சொரசொரப்பாயிடும், அங்க தட்டணுவும் நாரு மாதிரி ஒரு பொருளும் ஒட்டும், எங்கயோ இருந்து ரத்தத்துல வர்ற கிருமி அதுல ஏறி உக்காந்து மேலும் மேலும் பூச்சு போட்டுக்கும். வால்வுக்குன்னு தனி ரத்த ஓட்டம் ரொம்ப கம்மி, அதனால வெள்ளையணுவும் உள்ள போக முடியாது, மருந்தும் லேசுல இறங்காது, அதுக்குத்தான் மருந்தை பெரிய டோஸ்ல வாரக்கணக்கா நரம்பு வழியாவே ஏத்துறது. தம்பி எல்லாம் கேட்டுட்டு, குழறிக் குழறி, "கறையான் புத்து மாதிரி சார்"ன்னான். டாக்டர் சிரிச்சுட்டாரு, கரெக்ட்டுன்னாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த மூணு கல்ச்சர்லயும் ஒண்ணுமே வளரல. மூணு நாள், அஞ்சு நாள், மெஷின்ல வெச்சுக்கினே இருந்தாங்க, சுத்தமா இருந்துச்சு. ஏன்னா நாங்க ரெண்டு மாசமா விட்டு விட்டு ஊசி போட்டு, பாட்டில்ல வளர்ற அளவுக்கு கிருமியை விட்டு வெக்கல, ஆனா வால்வை அரிக்கிற அளவுக்கு விட்டு வெச்சிருந்தோம். கிருமி பேரு தெரியாததால எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணுக்கு மேல மருந்து போட வேண்டி வந்துச்சு. அதுல ஜென்டாமைசின் கிட்னியை புடிச்சுது, கிரியாட்டினின் 0.9ல இருந்து 2.3க்கு போச்சு, நிறுத்திட்டாங்க. காதுல ஙொய்ன்னு சத்தம் கேக்குதுன்னு இன்னமும் சொல்றான். அதுக்குள்ள வால்வு கிழிஞ்சு, படுத்தா மூச்சு முட்ட ஆரம்பிச்சுது, ராத்திரி பூரா உக்காந்துக்கினேதான் இருந்தான். மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு திரும்ப ஸ்கேன் பாத்துட்டு ஏப்ரல் நடுவுல ஆபரேஷன் பண்ணி வால்வை எடுத்துட்டு மெட்டல் வால்வு வெச்சாங்க. எடுத்த வால்வுத் துண்டை, கிருமியோட மரபணுவை வெச்சு பேரைக் கண்டுபிடிக்கிற பிசிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, ரிசல்ட்டை நான் கையில வாங்கிப் படிச்சேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், விரிடன்ஸ் குரூப். வாய்ல எல்லாருக்கும் இருக்கிற சாதாரண கிருமி சார். பெரும்பாலும் பெனிசிலினுக்கே அடங்குறது. ஜனவரி கடைசியில என்கிட்ட வந்தப்போ வைடாலுக்கு எடுத்த அந்த ரத்தத்தோட ஒரு மூணு பாட்டில் ரத்தம் சேத்து எடுத்திருந்தா, பேரு தெரிஞ்சு, ஒரே மருந்துல நாலு வாரத்துல முடிஞ்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு.

பெனிசிலின் வர்றதுக்கு முன்னாடி, 1940க்கு முன்னாடின்னு வெச்சுக்கங்க, இந்த நோய் வந்தா அனேகமா எல்லாரும் செத்துடுவாங்களாம். இன்னிக்கும் நல்ல ஆஸ்பத்திரியில சேந்தவங்கள்லயே நூத்துக்கு பதினஞ்சு இருபது பேர் பொழைக்கிறதில்ல. எங்க வார்டுல மூணாவது பெட்ல டயாலிசிஸ் பண்ற ஒரு பெரியவர் இருந்தாரு, கழுத்துல போட்டிருந்த டயாலிசிஸ் குழாய் வழியா ஸ்டாஃப் ஆரியஸ்ன்ற கிருமி வால்வுக்கு போயிடுச்சு. அது என் தம்பிக்கு மாதிரி மாசக்கணக்கா இழுக்கிற ரகம் இல்ல, நாலஞ்சு நாள்ல ஆளையே சாய்ச்சுடுச்சு.

எப்படி உள்ள வந்துச்சுன்னா, பல்லு. கடவாய்ப் பல்லு ரெண்டு சொத்தை, ஈறு வீங்கி பல் விளக்கும்போது தினமும் ரத்தம் வரும், வேப்பங்குச்சியால தேச்சா சரியாயிடும்னு விட்டுட்டான். பல்லு புடுங்குனாத்தான் கிருமி ரத்தத்துக்கு போகும்னு நெறைய பேர் நினைச்சுக்கினு இருக்காங்க, கெட்ட ஈறை வெச்சுக்கினு தினமும் மெல்றதும் விளக்குறதும் வருஷம் பூரா பாத்தா அதை விட ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாரு. இப்ப செயற்கை வால்வு வெச்சிருக்கிறதால பல்லு புடுங்குறதோ ஈறை கிளறுற வேலையோ இருந்தா அரை மணி ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே டோஸ் போட்டுக்கணும், பெனிசிலின் அலர்ஜி இருந்தா வேற மருந்து. முன்னாடியெல்லாம் வால்வுல லேசா கோளாறு இருந்தாலே எல்லாருக்கும் குடுப்பாங்களாம், 2007ல அமெரிக்க ஹார்ட் சங்கம் அதைக் குறைச்சு, செயற்கை வால்வு, ஏற்கனவே இந்த இன்ஃபெக்‌ஷன் வந்தவங்க, சில வகை பிறவி ஹார்ட் கோளாறுன்னு ரிஸ்க் ஜாஸ்தி உள்ளவங்களுக்கு மட்டும்னு ஆக்கிடுச்சு. உங்களுக்கு வேணுமா வேணாமான்னு உங்க ஹார்ட் டாக்டரைக் கேட்டுக்கங்க. இன்னொரு குழப்பம், 21 நாள் பெனிட்யூர் ஊசி போட்டுக்கினு இருக்கேன் அதனால வால்வுல கிருமி வராதுன்னு சில பேர் சொல்றாங்க, அது தப்பு. அந்த ஊசி தொண்டைப் புண்ணு வந்து ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராம தடுக்கிறதுக்கு. வால்வு பாதிச்சவங்க அதை 40 வயசு வரைக்கும் கூட போட வேண்டி வரும், சில பேருக்கு ஆயுசு பூரா, என் தம்பி மாதிரி 19ல நிறுத்திடாதீங்க.

ஊருக்கு வந்தப்புறம் மூணு ரவுண்டு ஊசி எழுதுன அந்த டாக்டரைப் போய்ப் பாத்தேன், சண்டை போடல, ரிசல்ட்டை மட்டும் காட்டுனேன். அவர் கெட்டவர் இல்ல, 100 ரூபா ஃபீஸ்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் பாக்குறவர். "ஏம்மா, காய்ச்சல்னு ஒரு நாளைக்கு அறுபது பேர் வர்றாங்க, அத்தனை பேருக்கும் கல்ச்சர் எழுதுனா பீடி சுத்துறவங்க, தறி ஓட்டுறவங்க எங்க போவாங்க காசுக்கு"ன்னாரு. அது நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல கல்ச்சர்னா பாட்டில் ஒண்ணுக்கு ஆயிரம் ரூபா கிட்ட, அதையும் வேலூருக்கு அனுப்பணும். காய்ச்சல் வர்றவங்கள்ல முக்கால்வாசி வைரல், இல்ல டெங்கு, இல்ல நம்ம பக்கம் ஜாஸ்தியா இருக்கிற ஸ்க்ரப் டைபஸ், அக்குள்லயோ தொடை இடுக்குலயோ சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் புண்ணு இருந்தா அதுதான். எல்லாருக்கும் கல்ச்சர் எடுங்கன்னு நான் கேக்கல. ரெண்டே ரெண்டு கேள்வியை வாயால கேளுங்க, அதுக்கு காசு ஆகாது. சின்ன வயசுல மூட்டு வீக்கம் வந்துச்சா, ஹார்ட்டுல ஓட்டை, வால்வு, பேஸ்மேக்கர் அந்த மாதிரி ஏதாவது உண்டான்னு ஒண்ணு. இந்த காய்ச்சலுக்கு ஏற்கனவே ஊசி போட்டு நின்னு திரும்ப வந்துச்சான்னு இன்னொண்ணு. ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னா அடுத்த ஊசிக்கு முன்னாடி ரத்தத்தை எடுங்க, ஸ்டெத்தை சட்டைக்கு மேல வெக்காம நெஞ்சுல வெச்சு கேளுங்க, எக்கோவுக்கு அனுப்புங்க. ஆளு ரொம்ப மோசமா, பிரஷர் இறங்கி இருந்தா ரிசல்ட்டுக்கு காத்திருக்கச் சொல்லல, ரத்தம் எடுக்க பத்து நிமிஷம் போதும், எடுத்துட்டு உடனே மருந்தை ஏத்துங்க. அவர் கொஞ்ச நேரம் அந்த பிசிஆர் காகிதத்தையே பாத்துக்கினு இருந்துட்டு, ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமான்னு கேட்டாரு.

ஜனங்களுக்கும் ஒண்ணு, மெடிக்கல் ஷாப்புல போய் காய்ச்சலுக்கு ரெண்டு வேளை ஆன்டிபயாடிக் குடுங்கன்னு வாங்கிப் போடுறது. வால்வுல கோளாறு இருக்கிறவங்க அதை மட்டும் பண்ணாதீங்க. பாராசிட்டமால் போட்டுக்கங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.

பணத்துக்கு பயந்துக்கினு ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்கிறவங்களுக்காக இது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல, எங்க அம்மா இன்னும் கலைஞர் கார்டுன்னுதான் சொல்லுவாங்க, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வால்வு ஆபரேஷன் அதுல வருது, எங்களுக்கு பாதிக்கு மேல அதுலதான் போச்சு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கு. வால்வு எல்லாம் வெளிநாட்டுல இருந்துதான் வரணும்னும் இல்ல, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா இன்ஸ்டிடியூட்ல டாக்டர் வலியத்தான் தலைமையில செஞ்ச சித்ரா வால்வை 1990ல இருந்தே நம்ம நாட்டுல வெச்சுக்கினு இருக்காங்க, வெளிநாட்டு வால்வை விட விலை கம்மி. 1961லயே ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் பண்ண ஊரு சார் நம்ம வேலூரு. வடக்க இருந்து ரெண்டு நாள் ரயில்ல காட்பாடியில வந்து இறங்கி ஹார்ட்டைக் காட்டுறாங்க, முப்பது நாப்பது கிலோமீட்டர்ல இருக்கிற நாம ரெண்டரை மாசம் வைடால் ஆட்டிக்கினு இருந்தோம்.

மொத்தம் ஏழு வாரம் ஆஸ்பத்திரி. மாத்திரையா குடுத்து வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களான்னு தம்பி தினமும் நச்சரிப்பான். டென்மார்க்ல 400 பேரை வெச்சு பண்ண ஒரு ஆராய்ச்சி 2018ல வந்திருக்காம், நல்லா தேறுனவங்களுக்கு பாதியில மாத்திரைக்கு மாத்தலாம்னு, ஆனா உனக்கு கிருமி பேரே இப்பதான் தெரிஞ்சுது, நீ பேசாம படுன்னுட்டாரு டாக்டர். எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு ஊரே ரோட்டுல இருக்கு, இவன் வார்டுல போன்ல வீடியோ கால் போட்டு பாத்துக்கினு இருந்தான். பொறந்ததுல இருந்து சிரசை நேர்ல பாக்காத மொத வருஷம், பெங்களூர்ல இருந்தப்ப கூட லீவு போட்டு வந்துடுவான்.

இப்ப அசிட்ரோம் மாத்திரை போட்டுக்கினு இருக்கான், ரத்தம் உறையாம இருக்க, மாசம் ஒரு தடவை ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐ.என்.ஆர் பாக்கணும், 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும். எங்க லேப்லதான் பாக்குறேன். வலது கை முக்கால்வாசி வந்துடுச்சு, இழைப்புளி தள்ள முடியுது, சின்ன உளி இன்னும் நிக்கல. அமைதியா இருக்கிற நேரத்துல கிட்ட போனா நெஞ்சுல டிக் டிக்குன்னு வாட்ச் மாதிரி சத்தம் கேக்கும், அவன் பொண்ணு அதுல காதை வெச்சுக்கினே தூங்கிடுது. ரத்தம் எடுக்க கையை நீட்டுனா நான் முதல்ல நகத்தைத்தான் பாப்பேன். போன மாசம் கட்டை விரல் நகத்துல ஒரு கோடு இருந்துச்சு, எனக்கு உயிரே போயிடுச்சு, வெளிச்சத்துல வெச்சு ஊசி முனையால தொட்டேன், இந்த தடவை நெஜமாவே சிலாம்பு, தேக்கு, எடுத்துட்டேன்.

அடுத்த தடவை காய்ச்சல் செய்தி போடும்போது அந்த டைபாய்டு வரிக்குக் கீழ அந்த ரெண்டு கேள்வியையும் போட்டுடுங்க சார், நாலு வரி எடம் போதும். லெட்டர் நீளமாயிடுச்சு, வெட்டணும்னா வேற எங்க வேணா வெட்டிக்கங்க, கல்ச்சர் எடுக்கிற பாராவை மட்டும் வெட்டாதீங்க, எங்களை மாதிரி சின்ன லேப்ல இருக்கிற புள்ளைங்க உங்க பேப்பர் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
லேப் அக்கா,
குடியாத்தம்